முதலை இல்லை

இரண்டு வருஷம் ஏழு மாசம்.
இத்தனை நாளில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாம்
என்றான் தம்பி.
கிரவுண்டுக்கு எத்தனை சதுரடி, அவனுக்குத் தெரியும்.
மணிக்குப் பதினெட்டாயிரம் துடிப்பு என்றால்
விநாடிக்கு ஐந்து, எனக்குத் தெரியும்.

ராணிப்பேட்டையில் என் வேலை தோல் பார்ப்பது.
டியூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாய் விரித்து
உண்ணிக் கடி, முள் கீறல், சூட்டுத் தழும்பு,
தேய்த்து மறைத்த இடம்.
ஏ, பி, சி, தள்ளுபடி.
சாப்பாட்டு நேரத்தில் சாக்பீஸ் கையோடு
போனில் டயல்களைப் பெருக்கிப் பார்ப்பேன்.
எழுத்தின் கால் தடித்திருந்தால் மறுபடி அச்சடித்தது.
விளிம்பு உருண்டிருந்தால் பாலிஷ் போட்டது.
எல்லாம் வேஷம், ஷபீனா, என்றால்
டிபன்பாக்ஸை மூடிக்கொண்டே
"உன் மாமியாரச் சொல்றியா?" என்பாள்.

மூன்றை வேண்டாம் என்றேன்.
இல்லை, இரண்டை.
ஒன்றில் எண் பொருந்தவில்லை,
ஒன்றில் முள்ளுக்கு வேறு வயசு.
மூன்றாவது நன்றாகவே இருந்தது,
அட்வான்ஸ் அனுப்புவதற்குள் போய்விட்டது.
அன்றைக்கு நாலு தோலுக்குத் தப்பாகத் தரம் எழுதினேன்.

கடைசியில் அது சத்துவாச்சாரியில் இருந்தது,
பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில்,
ஏகாம்பரம் சார் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல்.
கத்திரி வெயில்.
துடிப்பு கேட்பதற்காக ஃபேனை நிறுத்தினார்.
போனை அதன் பக்கத்தில் வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும்
வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம்.
நாளுக்குப் பதினோரு விநாடி வேகம்.
அந்த வயசுக்குப் பரவாயில்லை.
அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்தார்.
"யாருக்கும்மா, உங்க வூட்டுக்காரருக்கா?"
எனக்கு.
"ஆம்பள வாட்ச்சாச்சே."
முப்பத்துநாலு மில்லிமீட்டர்தான், என்றோம்
நானும் அவரும் ஒரே நேரத்தில்.

பின்மூடியைத் திறந்தார்.
கடுகளவு சல்லடையில் யாரோ
நிறுத்தாமல் மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள்.
அதற்குப் பக்கத்தில், மூடி போட்டால் தெரியாத இடத்தில்,
கோடு கோடாய் மெருகு.
அறுபது வருஷம் இருட்டுக்குள் இருக்கப் போவதற்கு
ஏன் இவ்வளவு?
தோலின் சதைப்பக்கத்தை நாங்கள்
இப்படியெல்லாம் பார்ப்பதில்லை.

"வாரு மட்டும் புதுசு. ஒரிஜினல் முதலை" என்றார்.
விரலை ஓட்டினேன்.
நாலு கட்டம் தாண்டியதும் அதே மடிப்பு திரும்ப வந்தது.
முதலை தன்னை அப்படித் திரும்பச் சொல்லாது.
கன்றுத்தோல்; மேலே தகடு வைத்து அழுத்தியது.
பக்கிள் ஓரத்தில் நகக்குறி மாதிரி ஒரு பிறை.
அந்தப் பிறை விழுகிற தகட்டை
நான்தான் நிறுத்தச் சொன்னேன், ஆறு வருஷம் முன்பு,
அதற்குள் இரண்டு லோடு கப்பல் ஏறியிருந்தது.

"முதலை இல்ல சார்."

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
பதினாலாயிரம் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாராம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார்.
மறுபடி துடைத்தார்.
நான் கேட்காமலே ஐயாயிரம் குறைத்தார்.
வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

சீட்டுப் பணம், இரண்டு போனஸ், ஒரு ஜோடி வளையல்.
எண்ணி முடிக்கிறவரை
ஃபேனைத் திரும்பப் போட மறந்திருந்தோம்.

திங்கட்கிழமை. கெமிக்கல் படும் என்று
கட்டிக்கொள்ளவில்லை, கைக்குட்டையில் மடித்து
ஊறுகாய் டப்பாவுக்கு எட்டத்தில் வைத்திருந்தேன்.
ஷபீனா விலையைக் கேட்கவில்லை.
வாரைத் திருப்பிப் பார்த்து
"இது நம்மளுது. சி கிரேடு" என்றாள்.
பிறகு காதில் வைத்துக்கொண்டாள்.

ஷிப்ட் மணி அடித்தது.
கை நீட்டினேன்.
இரு, என்று ஒரு விரலைத் தூக்கினாள்.